இசக்கியின் எடையை உரக்கச் சொன்ன நாள்

ஏட்டி,

இன்று காலை மருந்து அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த கோப்பு ஒன்றை எடுத்தேன். உள்ளே இசக்கியின் அட்டை, உன் கையெழுத்தில். அடுத்த ரத்தப் பரிசோதனை என்று நீ அடிக்கோடு போட்டு வைத்திருந்த நாள் போய் ஐந்து மாதம் ஆகிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊசி போட்டுக்கொள்ள வந்த பெரியவர் ஒருவர், "சிஸ்டர், மருந்தில்லாம வெறும் ஊசியக் கொண்டாறீங்களே, பிறகு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டார்.

எடை கூடிய பிள்ளைகளுக்கென்று சனிக்கிழமை கிளினிக் நடத்தச் சொல்லி உத்தரவு வந்த நாள் நினைவிருக்கிறதா? நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதுவரை மெலிந்த பிள்ளைகளைத்தான் நிறுத்துப் பழக்கம். உத்தரவைப் படித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பில் டாக்டரே எட்டிப் பார்த்தார். "ஏட்டி, குண்டுப் புள்ளைகளுக்குப் புத்தி சொல்ல என்னையப் போட்டிருக்காங்க பாரு. நான் ஏறுனா மிஷினு அழும்லா!" என்றாய். பிறகு முகம் மாறி, "இந்தப் புள்ளைகள யாரும் கேலி பேசாமப் பாத்துக்கிடணும்" என்று சொன்னாய். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் சனிக்கிழமை பன்னிரண்டு தாய்மார் வந்தார்கள். ஐந்தருவியில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் செல்லம்மா தன் மகள் இசக்கியைக் கூட்டி வந்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. கழுத்து மடிப்பில் அழுக்குப் போலக் கறுப்பு, தேய்த்தாலும் போகாதது. சர்க்கரை பார்த்தே ஆகவேண்டும் என்று நீ என் காதில் சொன்னாய். நான் எடை பார்க்க, நீ பதிவேட்டில் எழுத, கைக்குழந்தைகளுக்குச் செய்கிற அதே வழக்கத்தில், கூடம் முழுக்கக் கேட்கும்படி இசக்கியின் கிலோவைக் கூவினேன். யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிள்ளை மிஷினிலிருந்து இறங்கி, செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒருவரும் வரவில்லை. நீதான் வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்தாய். பிள்ளை வெட்கப்பட்டாள் என்று நாம் நினைத்தோம், அவர்கள் சொன்னது வேறு. மெலிந்த பிள்ளையின் எடையை ஊரறியச் சொன்னால் யார் கண்ணும் படாது. புஷ்டியான பிள்ளையின் எடையை அத்தனை பேர் முன்னால் சொல்லலாமா? அன்று ராத்திரியே இசக்கிக்குக் காய்ச்சல். "கண்ணு பட்டுட்டு. அந்த சிஸ்டர் வாய் வச்சதுதான்" என்று செல்லம்மா தெருவெல்லாம் சொல்லியிருந்தாள்.

நான் கண்ணாவது மண்ணாவது என்று கத்தினேன். நீயோ மறுநாள் தாயையும் மகளையும் கையோடு கூட்டி வந்து, நிலையத்து வாசலிலேயே, சீருடையோடு, கண் கழிய உப்பும் மிளகாய் வத்தலும் எடுத்துப் பிள்ளைக்கு மூன்று சுற்றுச் சுற்றி, நாம் டீ போடும் அடுப்பில் போட்டாய். பிறகு சாதாரணமாக, "வா தாயி, இப்பம் ரத்தம் எடுப்போம்" என்றாய். இசக்கி கையை நீட்டினாள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது.

அதற்கப்புறம் சனிக்கிழமை என்றால் வாசல் நிறைந்தது. எடையை யாரிடமும் சொல்லாமல் அட்டையில் எழுதி மடித்துக் கொடுத்தாய். பிள்ளைகளோடு நீயும் மூச்சு வாங்க ஓடினாய். "நான் பட்டினி போடச் சொல்லலக்கா. பஜ்ஜிய யாவாரத்துக்குப் போடுங்க, புள்ளைக்குப் போடாதீங்கங்கேன்" என்று நீ சொன்னதற்குச் செல்லம்மாவே சிரித்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. படித்த நர்ஸ் செய்கிற காரியமா இது என்று புழுங்கினேன். பொறாமையும் இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன? நான் கூவி விரட்டிய பிள்ளைகள் உன்னைச் சுற்றி ஓடினார்கள். டாக்டரிடம் போய், வாசலில் மந்திரிக்கிற வேலை நடக்கிறது என்று சொன்னது நான்தான். அவர் எல்லார் முன்னிலையிலும் உன்னைக் கடிந்துகொண்டார். கார்த்திகையில் உன்னை அச்சன்புதூர்ப் பக்கம் மாற்றினார்கள்.

"மருந்து குடுக்குற அண்ணாச்சிதான் போட்டுக் குடுத்திருப்பாரு. நான் சிரிச்சாலே அவருக்கு ஆகாது" என்று போனில் சொன்னாய். "இருக்கும்" என்றேன். தையில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தே நாளில் போய்விட்டாய். துட்டி வீட்டில் ஒருத்தி, "ஊருக்கு உடம்பக் கொறைக்கச் சொன்னவ, தன் உடம்பாலயே போயிட்டா" என்றாள். எழுந்து அவளோடு சண்டைக்குப் போனேன். என்ன யோக்கியதையில் போனேன் என்று தெரியவில்லை.

நீ போனபின் இசக்கி வரவில்லை. ஆள் விட்டேன், போன் செய்தேன். நேரில் மட்டும் போகவில்லை. இன்று அட்டையைப் பார்த்ததும் அனுமதி கேட்டு ஐந்தருவிக்குப் போனேன். நல்ல சாரல், நல்ல கூட்டம். கடையின் ஓரத்தில் இசக்கி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கழுத்துக் கறுப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது. என்னைக் கண்டதும் தாவணி போர்த்துவது போலத் துண்டை இழுத்துக் கழுத்தை மூடினாள்.

"ரத்தம் பாக்கணும்க்கா. தள்ளிப் போடக்கூடாது" என்றேன்.

செல்லம்மா கரண்டியை நிறுத்தவில்லை. "குண்டு சிஸ்டர் இருந்தா வருவா. அந்த மகராசிய எதுக்கு மாத்துனாங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

மருந்து கொடுக்கும் அண்ணாச்சியின் பெயர் வாய்வரை வந்தது.

"நான்தான்க்கா. டாக்டர்ட்ட சொல்லிக் குடுத்தது நான்தான்."

எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. பஜ்ஜி கேட்டு நின்றவர்களை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. வெந்ததை அரித்துத் தட்டில் கொட்டிவிட்டு, "நாளைக்குக் கூட்டிட்டு வாரேன். ரத்தம் வேற ஆளு எடுக்கட்டும். எம்புள்ளைய நீங்க தொடக் கூடாது" என்றாள்.

சரி என்றேன். புதிதாக வந்திருக்கும் பெண்ணிடம் சொல்லியாகிவிட்டது. நாளை அவர்கள் வரும்போது நான் உள்ளறையில் இருந்துகொள்வேன். அந்தப் பிள்ளை கை நீட்டினால் போதும்.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை உனக்குப் பதிலாக அவளிடம் சொன்னேன், ஏட்டி. நீயாக இருந்தால் நாலு வசவு வைதுவிட்டுச் சிரித்திருப்பாய். அவள் வையவில்லை.