பாதி வழியில் திரும்பிய பெரியவரும் சின்னவரும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே பெரியவரும் சின்னவரும் நலம், வயிறு நிறையத் தின்றுவிட்டுப் புல்லில் புரண்டுகொண்டு இருக்கிறார்கள். போனில் நீ முதலில் விசாரிப்பது அவர்களைத்தான், அதனால் கடிதத்திலும் அந்த மரியாதையைக் கெடுக்கவில்லை. நானும் அப்பாவும்கூட இருக்கிறோம், நலம்தான். நீ நலமா என்று கேட்டால் "ம், நல்லாத்தான் இருக்கேன்" என்பாய், அதை நானே எழுதிக்கொண்டேன், உனக்குச் சிரமம் வேண்டாம். நடந்ததைப் போனில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, உட்கார்ந்து படி.

இங்கே விட்டுப் போன உன் கினிப்பன்றிகள் இரண்டையும் நீ வேலை பார்க்கும் ஊருக்குக் காரில் கொண்டுவந்து விடச் சொன்னாய், சரி என்றோம். அதன் பிறகு உன் குரல் செய்திகள் வந்தன பார், அடேயப்பா. பெட்டிக்கு சீட் பெல்ட் போட வேண்டும், வெயில் படக்கூடாது, ஏசி முகத்தில் அடிக்கக்கூடாது, தண்ணீர்ப் புட்டி ஒழுகும் அதனால் வெள்ளரித் துண்டு கொடுக்க வேண்டும், பாட்டைச் சத்தமாக வைக்கக்கூடாது, அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் ஆபத்து. உன்னைப் பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தபோது டாக்டர்கூட எனக்கு இவ்வளவு சொல்லி அனுப்பவில்லை. எங்கள் இருவருக்கும் சேர்த்து வந்தது ஒரே வரி, "விட்டுட்டு மறுநாளே கிளம்பிடுங்க, இங்க ஒரே ரூம்தான்." என்ன ஒரு அழைப்பு, அப்பாவும் நானும் பூரித்துப் போனோம்.

விடிந்ததும் கிளம்பினோம். உன் அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் என்பது உலகத்துக்கே தெரியும், பின் சீட்டில் இருந்த இரண்டு ஜீவன்களுக்கு மட்டும் தெரியாதல்லவா, அந்தக் குறையும் தீர்ந்தது. "கண்ணாடி பாக்கணும், இண்டிகேட்டர் போடணும், அப்புறம்தான் திரும்பணும்" என்று வழி நெடுக அவற்றுக்கு வகுப்பு நடந்தது. வேகமாகப் போனால் அதுகளுக்குத் தலை சுற்றுமாம், ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போய்விட்டு என்ன ஆயிற்றோ என்று திரும்பிப் பார்த்தார். பெட்ரோல் போடும் பையன் எட்டிப் பார்த்து, "எலியையா சார் கூட்டிட்டுப் போறீங்க?" என்றான். வீட்டில் இத்தனை காலம் அவற்றை எலி என்பதைத் தவிர வேறு பேரால் கூப்பிடாத மனிதர், "எலி இல்லப்பா, கினிப்பன்றி, அது வேற ஜாதி" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் வெள்ளரித் துண்டுக்காக இருவருக்கும் தகராறு. பெரியவர் பிடுங்கினார், சின்னவர் கீச்சிட்டார், பெட்டி குலுங்கியது. குழந்தைகள் காப்பகத்தில் இத்தனை வருடமாக நான் செய்துவரும் வைத்தியம் உனக்குத் தெரியும், சண்டை போட்டால் ஒருவரை இந்த மூலையில் உட்கார வை, மற்றவரை அந்த மூலையில். சின்னவரைத் தூக்கி, ரொட்டி கொண்டுவந்திருந்த அட்டைப் பெட்டியில் விட்டு என் காலடியில் வைத்துக்கொண்டேன். பெரியவர் பின்னால் தனியாக. உடனே அமைதி. "பாத்தீங்களா, என் அனுபவம் பேசுது" என்று அப்பாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். மத்தியானம் குனிந்து பார்த்தால் சின்னவருக்கு வைத்த புல் வைத்தபடி இருக்கிறது. வெள்ளரியை மூக்கருகில் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ரோமம் சிலிர்த்து, உடம்பைச் சுருக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. உன் குரல் செய்திகளைக் கேட்டுச் சிரித்த சிரிப்பெல்லாம் அப்போது எங்கே போயிற்றோ. உன்னிடம் என்ன பதில் சொல்வேன் என்று, வேகமாக ஓட்டச் சொல்லி அப்பாவை விரட்டினேன். நம் காரில் ஐந்தாவது கியர் ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஊரில் ஒரு மிருக டாக்டர் கிடைத்தார், உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தொட்டுப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா பிரிச்சு வச்சீங்க? கார் சத்தத்துல ஏற்கெனவே பயந்து போயிருக்கும், பக்கத்துல இன்னொண்ணும் இல்லன்னா எப்படிச் சாப்பிடும்? சண்டை போடும், சேந்துக்கும், அது அதுங்க பாடு" என்றார். இருவரையும் ஒரே பெட்டியில் விட்டோம். சின்னவர் நேராகப் போய்ப் பெரியவரின் வயிற்றடியில் தலையை நுழைத்துக்கொண்டார். வெகு நேரம் அசையவில்லை. அப்புறம் ஒரே ஒரு புல்லை இழுத்து மெல்லத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எலிக்காக அழுதாள் என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், அவர் மூக்கைச் சிந்திய கைக்குட்டையைத் துவைத்தவள் நான்.

கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், உன் ஊரைவிடப் பக்கமாக இருந்த நம் வீட்டுக்கே திரும்பினோம். உனக்குப் போன் செய்து வரவில்லை என்றதும் நீ கோபப்படுவாய் என்று பயந்துகொண்டிருந்தேன். நீயோ, "பரவால்லம்மா, நான் தனியாவே இருந்துக்கறேன்" என்றாய். கோபம் வந்தால் நீ கத்துவாய், காய்ச்சல் வந்தால் புலம்புவாய், மனசு சரியில்லாதபோதுதான் பரவாயில்லை என்பாய், இது எனக்குத் தெரியாதா? அன்றைக்கு வீடியோவில் உன் அடுப்பின் மேல் துணி காய்ந்துகொண்டிருந்ததையும் பார்த்தேன். என்ன சமையல் என்று கேட்டதற்கு வாய் கூசாமல் ஏதோ ஒரு குழம்பு பேரைச் சொன்னாய். உன்னை நினைத்து எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அதனால் வருகிற சனிக்கிழமை மறுபடி கிளம்புகிறோம். இந்த முறை இருவரும் ஒரே பெட்டியில், நான் பின் சீட்டில் அவர்கள் பக்கத்தில். புது இடம் பழகும்வரை தெரிந்த முகம் ஒன்று கூடவே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் காப்பகத்தில் ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டேன். அப்பா உன் உத்தரவுப்படி மறுநாளே கிளம்பிவிடுவார். ஒரே ரூம் என்றால் என்ன, நான் என்ன யானையா? டாக்டர் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா என்று மட்டும் அப்பாவிடம் கேட்டுவிடாதே, அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது.

நோய் நொடி இல்லாமல், மனசும் உடம்பும் தெம்பாக நீ நீண்ட நாள் வாழ வேண்டும். சனிக்கிழமை எங்கேயும் வெளியே போய்விடாதே, வாசல் சாவி இன்னொன்று செய்து வை. கதவைத் திறந்ததும் பெட்டியை அப்பா கையில் விட்டுவிட்டு முதலில் என்னிடம் வா. அழுதால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

என்றும் உன்னுடைய,
அம்மா