அடுப்படியில் ஒரு ஸ்டார்

திருவெறும்பூர்
5.12.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள சுபலட்சுமிக்கு,

பெரிய அத்தான் எழுதுவது. நீயும் பானுவும் நலமா? போனில் நீ பதிலுக்குப் பதில் பேசுகிறாய், எனக்குப் பிரஷர் ஏறுகிறது. அதனால் கடிதம்.

தம்பி மார்ட்டின் போய் ஒன்பது மாதம்தான் ஆகிறது. துக்க வருஷத்தில் நம் குடும்பத்தில் ஸ்டார் கட்டுவதில்லை, குடில் வைப்பதில்லை, சுண்ணாம்பு அடிப்பதில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தவள் நீ, தெரியாமல் செய்துவிடக் கூடாது. எங்கள் அப்பா வைத்திருந்த பாலன் இயேசு சுரூபம் ஒரு வருஷம் என் வீட்டுக் குடிலில், ஒரு வருஷம் உங்கள் வீட்டில். இந்த முறை உங்களுடையது. ஆனாலும் என் பீரோவிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆசீர்


பொன்மலை
9.12.2024

அன்புள்ள பெரிய அத்தானுக்கு,

சுபாவின் வணக்கம். தெரியாமல் செய்ய மாட்டேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலும் துக்க வருஷம் பண்டிகை கிடையாது. இரண்டு பக்கத்து வழக்கமும் தெரிந்துதான் மீறுகிறேன்.

டிசம்பர் வந்தால் அடுப்படிக்குச் சுண்ணாம்பு அடிப்பது அவர் வேலை. கரி படிந்த சுவரைப் பார்த்து பானு, "இனிமே நம்ம வீட்டுக்கு கிறிஸ்துமஸே வராதாம்மா?" என்று கேட்டாள். மறுநாளே நான் அடித்துவிட்டேன், கை வெந்துபோயிற்று. ஒன்பது மாதமாக அழுகிறேன் அத்தான், இன்னும் அழுவேன். வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுவேன்.

உங்கள் சொல்லுக்காக வாசலில் ஸ்டார் கட்டவில்லை. அடுப்படி என்னுடையது. காசு போட்டு வாங்கியது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சிவப்புப் பேப்பர் மட்டும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஸ்டார் செய்தோம். பால் கவர்களைக் கழுவி ஜாலர் கட்டினோம். டப்பா மூடிகளில் கேழ்வரகு முளைக்கிறது, அதுதான் புல்வெளி. இடம் போதாமல் பின்கதவைத் தாழ்போட்டு, அதில் சாய்த்துக் குடில் கட்டியிருக்கிறோம்.

பாலனை அனுப்புங்கள். இது எங்கள் முறை.

சுபா


திருவெறும்பூர்
13.12.2024

சுபலட்சுமிக்கு,

சுண்ணாம்பு அடித்தேன் என்ற வரியோடு உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன், அதற்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் என்னைத்தான் கேட்பார்கள். பாலன் வராது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு உன் வாசலை மிதிக்கவும் மாட்டேன். எழுதி வைத்துக்கொள்.

ஆசீர்


பொன்மலை
16.12.2024

அன்புள்ள பெரிய அத்தானுக்கு,

எழுதி வைத்துக்கொண்டேன். குடிலில் வைக்கோல் படுக்கை காலியாகக் கிடக்கும், கிடக்கட்டும். பானு கேட்டால், பெரியப்பா பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார் என்று உள்ளதைச் சொல்வேன். அந்த நாலு பேர் கேட்டாலும் அதையே சொல்வேன். ஸ்டாரை இறக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

சுபா


திருவெறும்பூர்
20.12.2024

அன்புள்ள சுபாவுக்கு,

உன் கடைசிக் கடிதத்தை உன் அக்கா படித்துவிட்டாள். "அவ புருஷன் செத்ததுக்கு அவளவிட ஒங்களுக்கு ஜாஸ்தி துக்கமா?" என்றாள். அவன் என் தம்பி, எனக்கும் துக்கம்தான். குடிலைப் பார்த்தால் அவன் ஞாபகம் வரும், தாங்காது. அதை எழுதத் தெரியாமல் வழக்கத்தை எழுதினேன்.

24ஆம் தேதி சாயங்காலம் பாலனை நானே கொண்டுவருகிறேன். ஆனால் வாசலை மிதிக்க மாட்டேன் என்றது சொன்னதுதான். சந்து வழியாக வருவேன். பின்கதவைத் திறந்து வை.

ஆசீர்


பொன்மலை
23.12.2024

அன்புள்ள பெரிய அத்தானுக்கு,

தபாலில் போட்டால் பண்டிகை முடிந்துதான் வரும் என்று பக்கத்து வீட்டு ஜெயக்குமார் கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான்.

அவசியம் வாருங்கள், அக்காவையும் கூட்டி வாருங்கள். ஆனால் என் முதல் கடிதத்தைக் கடைசிவரை படித்திருந்தால் தெரிந்திருக்கும். பின்கதவில்தான் குடில் சாய்ந்திருக்கிறது. கேழ்வரகு விரல் உயரம் வளர்ந்திருக்கிறது. யாருக்காகவும் அதைப் பிரிக்க மாட்டேன்.

முன்வாசலைத் திறந்து வைத்திருப்பேன்.

அன்புடன்,
சுபா