கமிட்டிக்குப் போனதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைகள்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

கொல்லயில் ஊர்க் குளத்தங்கரையில் நாம் உட்காரும் இடத்தில் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. போன ஞாயிறு போயிருந்தேன். பேண்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகி, முழுக்கை சட்டை போட்டு, புல்லின்மேல் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தேன். பார்த்திருந்தால் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்திருப்பீர்கள். இரண்டு வரால் கிடைத்தது.

பூச்சித் தைலமும் பூசியிருந்தேன். நான் அதை நீட்டும்போதெல்லாம், "கையில தைலம் மணத்தா வரால் திரிஞ்சும் பாக்காது மக்கா" என்று தள்ளிவிட்டு, லுங்கிச் சாரத்தை மடித்துக் கட்டி வெறும் புல்லில் சம்மணம் போட்டு உட்காருவீர்களே! கால், கழுத்தெல்லாம் வீட்டிலேயே பூசிவிட்டு, உள்ளங்கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், அத்தான். மீன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. இது ஏன் அன்றைக்கே எனக்குத் தோன்றவில்லை?

ஓய்வுநாளில் மீன் பிடிப்பது அக்காவுக்கு ஆகாது. அதனால் ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி என்று சொல்லிவிட்டுக் கிளம்புவீர்கள். பிடித்ததை வழியிலேயே யாருக்காவது கொடுத்துவிடுவீர்கள். அந்தக் கடைசி வருஷம் நீங்கள் போன கமிட்டிகளுக்கு ஒரு பெரிய தேவாலயமே எழும்பியிருக்க வேண்டும். "அக்காகிட்ட மூச்சு விடப்பிடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். நானும் காப்பாற்றினேன். காப்பாற்றக் கூடாத இடத்திலும் காப்பாற்றினேன்.

காய்ச்சல் முற்றி உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, புல் புதர் உள்ள இடத்துக்கு எங்காவது போனாரா என்று டாக்டர் கேட்டார். நீங்கள் நினைவில்லாமல் கிடந்தீர்கள். "சர்ச்சும் வீடும்தான். வேற எங்கயும் போவ மாட்டாரு" என்றாள் அக்கா. நம் போதகர் பக்கத்தில் நின்றார். அவர் முன்னால் உங்கள் மானம் போகக்கூடாது என்று நினைத்து நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் மனம் கேட்காமல் டாக்டரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். உடனே வந்து உடம்பு முழுக்கத் தேடினார். சாரம் கட்டும் இடத்தில், இடுப்பு மடிப்புக்குள், பீடியால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. புல்லில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத செள்ளுப் பூச்சி கடித்த தடம்; காய்ச்சலே அதனால்தான் என்றார். மருந்தை மாற்றினார்கள். நீங்கள் மூன்று நாள் போராடினீர்கள். ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று பிறகு கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். இரண்டு வருஷமாக அந்தப் பதிலோடுதான் தூங்கி எழுந்தேன். நீங்களாவது சொல்லுங்கள், என்னாலா?

வீட்டு முற்றத்தில்தான் பூச்சி கடித்தது என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். முருங்கை மரத்து மூட்டில் முளைத்த புல்லைத் தன் கையாலேயே பிடுங்குவாள்.

போன ஞாயிறு அந்த இரண்டு வராலோடு நேராக அவளிடம் போனேன். குளம், கமிட்டி, டாக்டர் கேட்டபோது நான் ஊமையாக நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியுமாக்கும் மக்கா" என்றாள். "அவரு சாரத்துல உள்ள குளத்துச் சேற தொவைச்சது நான்தானே. போதகரு நிக்கும்போ எப்பிடி சொல்லியது? நீ சொல்லுவன்னு ஒன் மொகத்தப் பாத்தேன்."

இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம், அத்தான். உங்களைப் புதைத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. பிறகு அவள் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், அந்த மீனைச் சட்டியில் போட்டுச் சாம்பல் தேய்த்துக் கழுவினாள்.

நீங்கள் வாங்கிய சத்தியம் முறிந்துவிட்டது. இனி இது நானாகச் செய்யும் சத்தியம். குளத்துக்குப் போனால் குளத்துக்கு என்று சொல்லிவிட்டே போவேன். திரும்பியதும் துணியை வெந்நீரில் போட்டு, குளித்து, இடுப்பு மடிப்பு வரை பார்ப்பேன். வெறும் புல்லில் உட்கார்ந்து தூண்டில் போடுகிற ஒவ்வொருவரிடமும் உங்களைப் பற்றிச் சொல்வேன். நான் வாய் மூடி நின்ற அந்த ஒரு நாளையும் விடாமல் சொல்வேன்.

இன்னும் உங்கள் பக்கத்திலேயே உட்கார இடம் தேடும்,
உங்கள் மச்சினன்
ஜெபசிங்