இரண்டாவது சோதனை

அன்புத் தங்கைக்கு,

நீயும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் அழுதுவிடுவேன். இரண்டும் காரியத்துக்கு ஆகாது. பாப்பா பள்ளிக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இதைப் படி. பாதியில் கிழித்துப் போடாதே. அது ஒன்றுதான் உன்னிடம் கேட்பது என்று எழுத வந்தேன், ஆனால் இன்னொன்றும் கேட்கப் போகிறேன்.

நீ வக்கீல் மூலம் அனுப்பிய விவாகரத்துப் பத்திரம் வந்து சேர்ந்தது. உன் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தாய். ‘வீட்டுக்காரர்’ என்று எழுதியதற்குக் கோபப்படாதே, வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது.

அவர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். மூன்று மாதம் ஆகிறது. காட்டுக்குள் போகும் மின்கம்பியில் கிளை உரசாமல் வெட்டிவிடும் அதே வேலைதான். பாதத்தில் உணர்ச்சி குறைந்து வெகு நாளாகிவிட்டதாம். கால் படியில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் ஏறுவாராம். அன்றைக்குப் பார்க்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்து, எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். முழங்கால் இரண்டும் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தன. பேச்சும் தடுமாறுகிறது. தலையணை வேண்டுமென்றால் “அது... அது...” என்று கையைக் காட்டுகிறார். வாய் ஓயாமல் பேசி நம் வீட்டையே சிரிக்கவைத்த மனுஷன். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

புதிதாக வந்திருக்கும் லேடி டாக்டர் அவருடைய பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தார். சிபிலிஸ் என்று அந்த மேகநோயின் பெயரை எழுதி, அதற்கான ஊசியும் போட்டிருக்கிறதே, பிறகு ஏன் ஆள் தேறவில்லை என்று அவருக்குச் சந்தேகம். நேராக ஆய்வகத்துக்குப் போன் செய்தார். எடுத்தது நான். நாலு வருஷத்துக்கு முந்தைய அந்த ரத்தத்துக்கு இரண்டாவது சோதனையின் முடிவு எங்கே என்று கேட்டார். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். தேடுவதற்கு ஒன்றுமில்லை. அந்தச் சோதனையை நான் செய்யவே இல்லை.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். முதலில் ஒரு பட்டையில் ரத்தத்தைச் சொட்டுவோம். கோடு விழுந்தால் அந்த நோய் இருக்கலாம் என்று அர்த்தம். இருக்கலாம், அவ்வளவுதான். உறுதி செய்ய இன்னொரு விதமாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பதிவேட்டில் பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுத வேண்டும். என் தங்கை புருஷன் பெயரை அந்த நோய்க்கு நேராக என் கையால் எழுதுவதா, பக்கத்து மேஜைக்காரி படித்துவிட்டு ஊரெல்லாம் தண்டோரா போடுவதா என்று நினைத்தேன். குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிறேனாம். பட்டையைத் துணியில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, தெரிந்த டாக்டரிடம் சொல்லி ஊசி போடவைத்தேன். உன்னிடம் உறுதி என்றேன்.

அவர் தொடையிடுக்கில் வட்டமாக ஒரு சிவப்பு வந்ததே, வலியில்லாமல், தானாக மறைந்ததே, ஞாபகமிருக்கிறதா? காட்டில் ஏதோ கடித்திருக்கும் என்று அவர் சொன்னபோது நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அவர் சொன்னது நிஜம். உண்ணி கடித்திருக்கிறது. அது ஏற்றிவிடும் கிருமியும் சிபிலிஸ் கிருமியைப் போலவே சுருள்சுருளாக இருக்கும். முதலில் தோலில் ஓர் அடையாளம் காட்டிவிட்டு ஒளிந்துகொள்ளும். மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ கழித்து மூட்டிலும் நரம்பிலும் தலைகாட்டும். பட்டைக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போவதுண்டு. முகஜாடை ஒன்றாக இருக்கிறது என்று ஒருவனுக்குப் பதில் இன்னொருவனைப் பிடித்துக்கொண்டு போன கதைதான். இதெல்லாம் நான் படித்த படிப்பிலேயே இருக்கிறது. உன் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீ தப்பித்தது கடவுள் புண்ணியம் என்றேன். என்ன புத்திசாலி நான்!

அவரே ஒத்துக்கொண்டாரே என்று கேட்பாய். அந்த ஒரு வார்த்தையால்தானே நீ பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். அதை அவர் வாயில் வைத்தவள் நான். மூன்று நாள் இல்லை, இல்லை என்றுதான் சொன்னார். நான் ஆய்வகத்து மாடிப்படியில் அவரை நிறுத்தி, தம்பி, ரத்தம் பொய் சொல்லாது, ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், என் தங்கை நல்லவள், நாலு நாள் அழுதுவிட்டு மன்னித்துவிடுவாள் என்றேன். அவர் என்னை நம்பினார். நீ மன்னிப்பாய் என்றும் நம்பினார். இரண்டும் பொய்த்துப் போயிற்று. இதில் உன்மேல் குற்றமில்லை.

லேடி டாக்டர் ரத்தத்தையும் முழங்கால் நீரையும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினார். உன் வீட்டுக்காரருக்கு அந்த நோய் எப்போதுமே இருந்ததில்லை. நீரில் இருந்தது உண்ணியின் கிருமி. ஒரு மாதம் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். வீக்கம் வடிந்தது, வலி போகவில்லை. ஒரு டாக்டர் கிருமி போய்விட்டது, அது செய்த சேதம்தான் மிச்சம் என்கிறார். இன்னொருவர் அது நாள்பட்டு உள்ளேயே குடியிருக்கிறது என்கிறார். கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சண்டை போடுகிறார்கள். இனி ஏணி ஏற முடியாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையணையில் சாய்ந்துகொண்டார். பிறகு, “ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துடுச்சுக்கா. குடிச்சிட்டு எங்கயாவது போயிருப்பேனோ, எனக்கு ஞாபகம் இல்லையோன்னு. பழைய நாளெல்லாம் ஒண்ணொண்ணா தேடிப் பாத்தேன்” என்று திக்கித் திக்கிச் சொன்னார். நாலு வருஷம் செய்யாத தப்பைத் தேடியிருக்கிறார், தங்கச்சி. அதை எந்த மருந்து ஆற்றும், சொல். நான் நேற்று பெரிய டாக்டரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போகும். போகட்டும்.

இப்போது பத்திரம். அதில் மூன்றாம் பக்கத்தில், வேறு பெண்ணோடு தொடர்பு இருந்ததைக் கணவர் ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், வக்கீலிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவர் அடிக்கவில்லை. பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். “நான் அடிச்சா அது வெறும் கோடு. அவ அடிக்கட்டும்” என்றார்.

இந்தக் கடிதத்தோடு பத்திரத்தை வைத்திருக்கிறேன். நீ வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்ள நினைத்தால் அமைத்துக்கொள். அவர் உன்னைத் திரும்பி வா என்று சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. என்னோடு நீ இனிப் பேச வேண்டாம், அது நியாயம்தான். ஆனால் போன மாதம் அவர் போன் செய்தபோது, இனிமேல் பேசாதீங்க என்று பாப்பா சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள், அவள் வயதுக்குப் புரிகிற அளவு சொல். சொல்லிவிட்டு, அவள் பார்க்க அந்த வரியை அடித்துவிடு, தாயே. அதற்குப் பிறகு பத்திரத்தை என்ன வேண்டுமானாலும் செய்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா