ஸ்டாமாட்டியாவும் நானும்

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து மழை. வாசற்படியில் இலை ஒட்டிக்கிடந்து வழுக்குகிறது. 36 வாரம். இடுப்பு வலி. எந்தப் பக்கம் படுத்தாலும் இரண்டு நிமிடம்தான்.

செய்ய வேண்டியவை: குழந்தைக்குக் கார் சீட் மாட்டுவது. ஆஸ்பத்திரிப் பை. மீராவுக்கு ஃப்ளூ ஷாட். மேனேஜருக்கு லீவு மெயில். பெயர்.

பெயரைக் குமரனே கண்டுபிடித்துவிட்டாராம். மீராவின் வகுப்பில் இன்னொரு மீரா இருப்பது அவருக்குத் தீராத குறை. இரண்டாவது மகளுக்காவது யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

"ஸ்டாமாட்டியா. எப்படி இருக்கு பொன்னு?"

"தக்காளி தொக்கு மாதிரி இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. வெப்சைட்டில் போட்டிருந்தது: கிரேக்கப் பெண் பெயர். பொருள்: உறுதியானவள், நிதானமானவள். ஆணுக்கு ஸ்டாமாட்டிஸ். கிரீசில் பழைய தலைமுறையில் உண்டு. அமெரிக்காவில்? பிரபலப் பட்டியலிலேயே இல்லை. அந்தக் கடைசி வரியில் விழுந்துவிட்டார் மனுஷன். நியூமராலஜியும் பார்த்தாயிற்று. கூட்டினால் பத்தொன்பதாம், ராஜயோகமாம். மதுரைக்கு போன் போட்டு அவர் அம்மாவிடமும் சொல்லியாயிற்று. அத்தைக்குப் பெயர் வாயில் நுழையவில்லை, ஆனால் ஃபாரினாக இருக்கிறதாம்.

எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. 'உறுதியானவள்' என்பது எதையோ பூசி மெழுகின மாதிரி இருக்கிறது. பூசி மெழுகுவது எனக்குக் கைவந்த கலை, அதனால் தெரிகிறது.

அக்டோபர் 16, வியாழன்

வெயில், ஆனால் குளிர். ஆபீஸ் போன நாள். டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் என் பேட்ஜை எழுத்துக் கூட்டிப் படித்தாள். போ-தும்-பொண்-ணு. பாஸ்போர்ட், இன்சூரன்ஸ் கார்டு, கிரீன் கார்டு எல்லாவற்றிலும் முழுசாக அதுதான். ஆபீசில் எல்லோருக்கும் 'போ'.

என்ன அர்த்தம் என்று கேட்டாள். "கோல்டன் கேர்ள்" என்றேன். சோ பியூட்டிஃபுல் என்று நெஞ்சில் கை வைத்தாள்.

அமெரிக்கா வந்த ஒன்பது வருடமாக இதே பொய். இப்போது யோசிக்காமலே வருகிறது.

நான் நாலாவது பெண். அப்பாவுக்குப் பெண் போதும் என்றாகிவிட்டது, அவ்வளவுதான் கதை. உசிலம்பட்டியில் என் வகுப்பில் இன்னொரு போதும்பொண்ணும் இருந்தாள், அதனால் அங்கே யாரும் அர்த்தம் கேட்டதில்லை. எனக்கு அடுத்து தம்பி பிறந்தான். பெயர் பலித்துவிட்டது என்று வீட்டில் ஒரே பெருமை. அதில் எனக்கு என்ன பெருமை?

மீராவிடமும் கோல்டன் கேர்ள்தான் சொல்லி வைத்திருக்கிறேன். தோசைத் தட்டின் மேல் கையைக் கவிழ்த்துக்கொண்டு "போதும் போதும்" என்கிற பெண் அவள். ஏழு வயதாகிறது. இன்னும் சேர்த்துப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் சும்மா இருக்கிறாளோ என்னவோ.

பால் வாங்க மறந்தாயிற்று.

அக்டோபர் 18, சனி

மீராவைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வழக்கம்போல் ரூட் ஒன் ஹைவே பக்கத்து டைனர், சின்ன ஓட்டல். சனிக்கிழமை தமிழ் படித்தால் பான்கேக், அதுதான் ஒப்பந்தம். டைனர் ஒரு கிரேக்கக் குடும்பத்துடையது. ஆர்டர் எடுப்பது மாட்டா என்கிற அம்மா, அறுபதைத் தாண்டியிருக்கும். இவளைக் கேட்காமல் வெப்சைட்டை நம்பிக்கொண்டிருக்கிறோமே என்று திடீரென்று தோன்றியது.

ஸ்டாமாட்டியா என்று ஒரு பெயர் இருக்கிறதாமே, என்றேன்.

ஆர்டர் பேடைக் கீழே இறக்கினாள். "அது என் பேர்தான். கூப்பிடச் சுருக்கமா மாட்டா. ஏன் கேக்கற?"

என் வயிற்றைக் காட்டினேன். உறுதியானவள் என்று அர்த்தமாமே.

"எவன் சொன்னான்?" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நிறுத்துன்னு அர்த்தம். பஸ்ஸை நிறுத்துன்னு சொல்வோமே, அதே சொல். வரிசையாப் பொண்ணாப் பொறந்தா எங்க தீவுல இந்தப் பேரை வைப்பாங்க. நான் அஞ்சாவது."

"நின்னுச்சா?"

"அடுத்தது தம்பி."

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு வெளியாளிடம் என் பெயருக்குச் சரியான அர்த்தம் சொன்னேன். மாட்டா அம்மா என் எதிரில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அக்காங்க நாலு பேருக்கும் பாட்டிங்க பேரு, பெரியம்மாங்க பேரு," என்றாள். "எனக்கு மட்டும் உத்தரவு. அப்பா நல்லவர்தான். கடைசி வரைக்கும் நான்தான் பாத்துக்கிட்டேன். ஆனா அவர் கூப்பிடறப்பெல்லாம் எனக்கு அது கேட்கும்."

எனக்கும் கேட்கும் என்றேன். மீரா தலை நிமிராமல் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். பான்கேக்கைத் தொடவே இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

மேகமூட்டம். கார் சீட் மாட்டியாயிற்று.

குமரனிடம் சொன்னேன். ஒரு நிமிடம் முகம் மாறியது. அப்புறம்: "இங்க யாருக்குக் கிரீக் தெரியும் பொன்னு? ஸ்கூல்ல யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?"

"இங்க யாருக்குத் தமிழ் தெரியும்? அந்தத் தைரியத்துலதானே நான் ஆபீஸ்ல பொய் சொல்லிட்டுத் திரியறேன்."

"உன் பேரு வேற விஷயம்."

"என்ன வேற?"

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடந்தேன். தினமும் என்னைப் 'பொன்னு' என்று சுருக்கிக் கூப்பிடுகிறவர். மிச்சத்தை ஏன் விழுங்குகிறார் என்று அவருக்கே தெரியாதா?

சரி, பெயர் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, அந்தப் பேரு சரிவராது. பொம்பளப் புள்ள போதும்னு வைக்கிற பேராம்."

அத்தை, நிதானமாக: "அப்படியா? முன்னமே சொல்றதுக்கென்னப்பா. அப்ப அதையே வையி. அடுத்தது பையனாப் பொறக்கும். உன் பொண்டாட்டி வீட்ல பலிச்சுச்சுல்ல."

குமரன் என்னைப் பார்த்தார். அப்படிப் பார்த்து வருடக்கணக்காகிறது. "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டார்.

"ஸாரி பொன்னு."

"எதுக்கு?"

சிங்க்கில் கிடந்த பாத்திரம் எல்லாவற்றையும் கழுவினார், நான் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த குக்கர் உட்பட. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நீயே ஒரு பேரு சொல்லு" என்றார்.

அக்டோபர் 23, வியாழன்

காற்று. கால் வீக்கம். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. துணி அலமாரியை இரண்டாவது முறையாக அடுக்கினேன்.

பெயர்: நிலா.

"மீராவோட டான்ஸ் கிளாஸ்லயே மூணு நிலா இருக்கு," என்றார் குமரன். "நம்மளது நாலாவதா?"

"ஆமா, நாலாவது. இருக்கட்டுமே. கூப்பிட்டா நாலு பேரு திரும்பட்டும்."

லேப்டாப்பைத் திறந்து நிலா என்று எழுதிக்கொண்டார். பிழைக்கத் தெரிந்தவர்.

நவம்பர் 6, வியாழன்

ஆஸ்பத்திரி. நேற்றுக் காலை பிறந்தாள். ஏழு பவுண்டு. தலை நிறைய முடி. நன்றாக இருக்கிறேன். தையல் வலி. ஆப்பிள் ஜூஸ் குடித்துக் குடித்து நாக்கு செத்துவிட்டது.

மதியம் நர்ஸ் பர்த் சர்டிஃபிகேட் ஃபாரத்தோடு வந்தாள். குழந்தை பெயர்: நிலா. ஒன்றும் கேட்கவில்லை, எழுதிக்கொண்டாள். தாயின் பெயர் வந்ததும் நிறுத்தினாள். அழகாக இருக்கிறதே, என்ன அர்த்தம்?

குமரன் ஜன்னலைப் பார்த்தார். மீரா என்னைப் பார்த்தாள்.

சொன்னேன். நாலாவது பெண் என்பதை, தம்பியை, எல்லாவற்றையும். நர்ஸ் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மீரா கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். "ஐ நோ, அம்மா. டைனர்ல கேட்டேன்." குழந்தையின் விரலைத் தொட்டுக்கொண்டு, "டிட் தாத்தா ஸே ஸாரி?"

"இல்ல."

"நாட் ஈவன் ஒன்ஸ்?"

"இல்லம்மா."

அந்த நேரம் பார்த்து வீடியோ கால். அப்பா. உசிலம்பட்டியில் நடுராத்திரி, பேத்தியைப் பார்க்கவேண்டும் என்று தூங்காமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் எடுப்பதற்குள் மீரா எடுத்துவிட்டாள். குழந்தையைக் காட்டவில்லை. போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, டீச்சர் மாதிரி: "தாத்தா, யூ ஹேவ் டு ஸே ஸாரி டு அம்மா. ஃபார் ஹெர் நேம்."

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சிரித்துக்கொண்டே, "போதும்பொண்ணு, புள்ள என்னத்தா சொல்லுது?" என்றார்.

குமரன் விட்டுவிடு என்று கண் காட்டினார்.

மீராவின் கையிலிருந்து போனை வாங்கினேன். மீரா சொன்னதைச் சொன்னேன், தமிழில், ஒரு வார்த்தை விடாமல்.