இருங்க என்றால் இழுங்க

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நான் நலம், அம்மா நலம், டிராக்டர் நலம், ஊரில் மாமா முக்கால்வாசி நலம். உன் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்பதை நீதான் எழுத வேண்டும். மாமாவுக்கு என்ன என்று பதறாதே, முட்டியில் ஒரு சிராய்ப்பு, மூக்குக்கண்ணாடியில் ஒரு விரிசல், மற்றதெல்லாம் கோபம்தான். அம்மா போனில் உன்னிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பாள், அந்த இரண்டு வார்த்தையிலேயே என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருப்பாள், அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

குளிர் வருவதற்குள் அடுப்புக்கு விறகு சேர்த்தாக வேண்டும், கொட்டகையில் பாதிதான் நிரம்பியிருக்கிறது. போன காற்றில் சாய்ந்த மரமெல்லாம் நம் சரிவில் கீழே கிடக்கிறது. தோளில் சுமந்து ஏற்றுகிற வயது எங்களுக்குப் போய்விட்டது என்றுதான் டிராக்டருக்குப் பின்னால் வின்ச் மாட்டினோம். ஒரு உருளை, அதில் சுற்றிய ஐம்பது மீட்டர் இரும்பு வடம், நுனியில் ஒரு சங்கிலி, அவ்வளவுதான் சங்கதி. மேலே பாதையில் டிராக்டரை நிறுத்தி, வின்ச்சின் அடியிலுள்ள இரும்புத் தகட்டை மண்ணில் பதித்து, கம்பிவலைத் தடுப்பை ஒட்டி நான் நிற்பேன். அம்மா வடத்தை உருவிக்கொண்டு கீழே போய், கட்டையில் சங்கிலியை மாட்டி, நன்றாக ஒதுங்கி நின்று குரல் கொடுப்பாள். இழுங்க என்றால் நான் கையிலுள்ள கயிற்றை இழுப்பேன், உருளை சுற்றும், கட்டை சமர்த்தாக மேலே வரும். இருங்க என்றால் கயிற்றை விடுவேன், எல்லாம் நின்றுவிடும். இந்த இரண்டே வார்த்தையில் போன வருஷம் முழுக்க ஓட்டினோம். இதில் இன்னொரு விஷயம், உன் அம்மாவுக்கு ழ வராது என்பது உனக்கே தெரியும், அவள் சொன்னால் அது இளுங்கதான். கல்யாணம் ஆன புதிதில் நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், நாக்கு எனக்கா உங்களுக்கா என்று கேட்டதோடு அந்தப் பாடம் முடிந்தது.

அன்றைக்கு மாமா உதவிக்கு வந்திருந்தார். தையல் மிஷினைத் தவிர வேறு எதையும் தொடாத மனிதர், உதவி என்றால் செய்தித்தாளைப் படித்துச் செய்தி சொல்வது. பாதி வேலையில் அவருக்கு வயிறு சரியில்லை என்று, சரிவில் நாம் பலகை அடித்து வைத்திருக்கிறோமே அந்தக் கழிவறைக்குள் தாளோடு போய்விட்டார். அஸ்திவாரம் கிடையாது, இரண்டு கட்டையின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிற அறை அது. நான் இழுக்க ஆரம்பித்தேன். வந்த மரத்தில் ஒரு கவட்டைக் கிளை இருந்திருக்கிறது, அது போகிற போக்கில் அந்த அடிக்கட்டையில் போய் மாட்டிக்கொண்டது. அம்மா பார்த்துவிட்டு இருங்க என்று கத்தினாள். எனக்கு இழுங்க என்று கேட்டது. அவள் இன்னும் சத்தமாகக் கத்தினாள், நான் இன்னும் மும்முரமாக இழுத்தேன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள், எப்போதும் உம்மென்று வேலை செய்கிறவள் இன்றைக்கு உற்சாகமாக இருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொன்னால், முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக உன் அம்மாவுக்கு ழ சுத்தமாக வந்துவிட்டது என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டேதான் இழுத்தேன்.

கழிவறை முதலில் வந்தது, மரம் அதற்குப் பின்னால் வந்தது. மாமா உள்ளேயே இருபது மீட்டர் மேலே ஏறி வந்துவிட்டார். நிலநடுக்கம் என்று நினைத்துத் தாழ்ப்பாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாராம். கதவைத் திறந்தவர், உள்ளே போகும்போது எதிரே மரங்கள் இருந்தனவே, இப்போது எப்படி டிராக்டர் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம்தான் திட்ட ஆரம்பித்தார். மறுநாள் காலை பஸ்ஸுக்கே ஊருக்குப் போய்விட்டார். கழிவறை இப்போது நிற்கிற இடம் முன்னைவிட வசதி, அதைச் சொன்னால் மட்டும் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறார்கள்.

அம்மா திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மெதுவாக ஏறி வந்து, வண்டியை அணைத்து, சாவியைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "இன்னைக்கு எங்கண்ணன். நாளைக்கு நான் அங்க நின்னுட்டிருப்பேன். காதைக் காட்டிட்டு வாங்க, அப்புறம் சாவி தர்றேன்" என்றாள். காது எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஒரே ஒரு எழுத்து வித்தியாசத்தில் நேர் எதிர் அர்த்தத்தை வைத்தது யார் தப்பு என்று கேட்டேன். அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். வார்த்தையை மாற்றிவிட்டால் போகிறது என்று பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியனையும் கூப்பிட்டு உட்கார்ந்து யோசித்தேன். எதோடும் ஒட்டாத வார்த்தையாக இருக்கட்டும், நிறுத்து என்பதற்குக் கத்தரிக்கா என்று வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. உயிர் போகிற நேரத்தில் காய்கறிக்காரி மாதிரி கத்த வேண்டுமா என்று அம்மா முறைத்தாள், ஆனாலும் சோதனைக்கு மட்டும் சாவியைக் கொடுத்து, வடத்தில் ஒன்றும் மாட்டாமல் கீழே போய் நின்று கத்தினாள். நான் கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய் அரிவாள்மனையையும் கத்தியையும் எடுத்து வந்தேன். எனக்குக் கேட்டது கத்தி இருக்கா. எலெக்ட்ரீஷியன் சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயற்சி செய்தார், பாவம். அம்மா சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் டவுனுக்குப் போய் காது டாக்டரம்மாவைப் பார்த்தேன். உன் வயதுதான் இருக்கும். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார். அவர் சத்தம் அனுப்பும்போதெல்லாம் புருவம் லேசாக மேலே போகிறது என்பதை நான் கண்டுபிடித்துவிட்டேன். புருவம் தூக்கினால் அழுத்தினேன், பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அவர் நாற்காலியைத் திருப்பி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பட்டனுக்கு வேலையே இல்லை. வலது காது பாதி, இடது காது அதற்கும் கீழே, காது கேட்கும் கருவி வர மூன்று வாரம் ஆகும் என்றார். போனில் பேசும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நானும் கெட்டிக்காரத்தனமாக, அது ஒன்றும் கஷ்டமில்லை, சரி சரி என்பேன், குரல் நின்றதும் ரொம்ப சந்தோஷம் என்பேன் என்றேன். சொல்லி முடித்தபோதுதான் உன் போன் ஞாபகத்துக்கு வந்தது.

பத்தொன்பது நாளுக்கு முன்னால் நீ கூப்பிட்டாயே, அம்மா கீழே விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள், நான்தான் எடுத்தேன். ரொம்ப நேரம் பேசினாய், சின்னக் குரலில் பேசினாய், நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினாய். நான் ரொம்ப சந்தோஷம்மா, அப்படியே செய் என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அம்மா வந்து என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, அங்கே நல்ல மழையாம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதற்கப்புறம் அம்மா கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று உடனே வைத்துவிடுகிறாயாம், மழையைப் பற்றிக் கேட்டதற்கு என்ன மழை என்றாயாம். என்னைப் பற்றிக் கேட்கவே இல்லையாம்.

நீ அன்றைக்குச் சொன்னதில் எனக்கு ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லையம்மா. நல்ல விஷயமாக இருந்தால் தெரிந்துகொண்டு இன்னொரு தடவை சந்தோஷப்படுகிறேன். கெட்டதாக இருந்தால் நான் சொன்ன சந்தோஷத்தை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அப்படியே செய் என்றதையும் வாங்கிக்கொள்கிறேன், நீ எதுவும் செய்துவிடாமல் இரு. அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ அதை என்னிடம் சொல்லத்தானே கூப்பிட்டாய். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை, சாவி கைப்பையில் இருக்கும்வரை தைரியம் வராது.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டாதே, எங்கே இருந்தாலும் நன்றாக இருப்பாய், அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காமல் அன்றைக்குச் சொன்னதை முதலிலிருந்து எழுது. பெரிய எழுத்தில் வேண்டாம், கண் எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது.

கேட்கக் காத்திருக்கும்
அப்பா