குணம் அண்ணை கொண்டுவந்த ஆமிப் பெட்டி

இஞ்சாருங்கோ,

இப்படிக் கூப்பிட்டால் எந்த அறையில் இருந்தாலும் "ம்" என்று ஒரு சத்தம் வரும். இப்போது வருவதில்லை. ஆனாலும் வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியாது.

அழுது முடித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அது ஒரு பக்கம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இன்று எழுதுவது வேறு விஷயம். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. யார் மேல் என்றால், உங்கள் குணம் அண்ணை மேல். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வயிறு எரிகிறது.

உங்களுக்கு எட்டுப் படைத்த கதையைச் சொல்லவேண்டும். எட்டாம் நாள் படையலில் செத்தவருக்கு விருப்பமானதை எல்லாம் சமைத்து இலையில் வைப்பதுதானே வழக்கம். எட்மண்டனில் இருந்து உங்கள் தங்கச்சி போன் எடுத்து, "அண்ணி, அண்ணைக்கு என்னென்ன விருப்பம் எண்டு ஒருக்காச் சொல்லட்டோ?" என்றாள். "நீர் சொல்லத் தேவையில்லை, எனக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டேன். இவ்வளவு காலம் உங்களுக்குச் சோறு போட்டவள் நான். எனக்குச் சொல்லித்தர ஒருத்தர் வேண்டுமா?

கணவாய்க் கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பொரியல். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வெள்ளை அவரைக்கொட்டை. மகள் வயிற்றில் இருந்தபோது கறித்தூள் மணம் பட்டாலே எனக்குச் சத்தி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? அடுப்புப் பக்கமே போகாத நீங்கள் ஒருநாள் அவரை டின்னும் கோழிச் சொசேஜும் வாங்கி வந்து, தக்காளியும் ஏதோ ஒரு காய்ந்த இலையும் போட்டு, தூளே இல்லாமல் ஒரு சட்டி வைத்தீர்கள். நான் வழித்துச் சாப்பிட்டேன். பிறகு சனிக்கிழமை என்றால் அதுதான். நீங்கள் சமைப்பீர்கள், ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். எனக்காகவே இவர் கண்டுபிடித்த சமையல் என்று கோயிலில் காணும் பெண்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

படைக்கிற அன்று மத்தியானம் குணம் அண்ணை பாரிஸிலிருந்து வந்தார். கல்யாணத்துக்கு முன்பு நீங்கள் பிரெஞ்சு ஆமியில் சிப்பாயாக இருந்த வருடங்களில் உங்களோடு ஒரே அறையில் கிடந்த மனிதர். அந்தக் காலத்தைப் பற்றி நான் கேட்கும்போதெல்லாம் "சரியான குளிர்" என்று மட்டும் சொல்வீர்கள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

பழம், பூ ஒன்றும் இல்லை. கையில் ஒரு மண்ணிற மட்டைப்பெட்டி.

"தங்கச்சி, ஆமியில எங்களுக்கு ஒரு நாளைக்கெண்டு தாற சாப்பாடு இது. இன்டர்நெட்டில ஓடர் பண்ணி இங்க மருமகன் வீட்டுக்கு எடுப்பிச்சனான். சிவாவின்ர இலையில இதில கொஞ்சம் வைக்கவேணும்."

என் கறிகள் அடுப்பில் கொதிக்கின்றன. இவர் பெட்டியோடு நிற்கிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கையால் இழுத்துத் திறக்கிற டின்கள், பொதி செய்த பிஸ்கட், சூப் தூள், கோப்பித்தூள், கரமல் இனிப்பு, ஒரு சொக்லேட், தண்ணீரைச் சுத்தமாக்கப் போடுகிற குளிசை, நெருப்புப்பெட்டி. தன் வீட்டு அலுமாரியைத் திறந்தவர் மாதிரி அவர் கை போனது. "பிஸ்கட்டை நெஞ்சுப் பொக்கற்றில வைப்பான், காவல் நிக்கேக்க கடிக்க. கோப்பித்தூளை வெறும் வாயில கொட்டுவான், நித்திரை வராமலிருக்க." ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிவா இருந்தார். எனக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது. பால் தேத்தண்ணி கொஞ்சம் ஆறினாலும் திரும்பச் சூடாக்கச் சொல்கிற என் மனிதர் வெறும் கோப்பித்தூளைத் தின்றாராம்.

மகள் பிஸ்கட்டைக் கடித்துவிட்டு, "அங்கிள், இதால எறிஞ்சா ஆளுக்கு மண்டை உடையும்" என்றாள். அவர் சந்தோஷமாகச் சிரித்தார். நான் ஒரு டின்னில் இருந்த இறைச்சிக் களியைத் தொட்டு நக்கிப் பார்த்து, பூனைச் சாப்பாடு மாதிரி இருக்கிறது என்றேன். அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன்.

பெட்டிக்குள் ஒரு தகரத் துண்டும் இருந்தது. அதை மடித்தால் சின்ன அடுப்பு. பின்வளவில் வைத்து, வெள்ளை வில்லை ஒன்றைப் பற்றவைத்து, பெரிய டின்னைச் சூடாக்கினார். "சாப்பிட்டுப் பாருங்கோ தங்கச்சி" என்று கரண்டியை நீட்டினார். வாய்க்குக் கிட்டே கொண்டுபோகும்போதே அந்தக் காய்ந்த இலையின் மணம் வந்துவிட்டது. வெள்ளை அவரை, தக்காளி, இறைச்சித் துண்டு.

மகளும் ஒரு வாய் வைத்தாள். "அம்மா, இது அப்பாட சட்டர்டே பீன்ஸ்."

எனக்காகக் கண்டுபிடித்தது என்று நான் பீற்றிய சட்டியை ஒரு முழு ஆமியே தின்றிருக்கிறது. அதையாவது எனக்கென்று விட்டிருக்கக் கூடாதா? ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த விளையாட்டில் ஒரு இடத்திலாவது நான் முன்னுக்கு நிற்கவேண்டும்.

"இதெண்டால் அவருக்கு உயிர்," என்றேன். "நானும் சமைச்சு இலையின்ர நடுவில வைச்சிருக்கிறன்."

குணம் அண்ணை சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"ஆருக்கு, சிவாவுக்கோ? தங்கச்சி, அவனுக்கு அவரையைக் கண்ணிலயும் காட்டேலாது. எந்தப் பெட்டியில இந்த டின் வந்தாலும் என்னட்டத் தள்ளிப்போட்டு என்ர சொக்லேட்டைப் பறிச்சுக்கொண்டு போவான். எனக்கு வேண்டாமடா, நீயே தின் எண்டுவான்."

"சனிக்கிழமையில என்னோட இருந்து சாப்பிடுறவர்."

"சாப்பிட்டவனோ?"

"ஓம். ரெண்டாந்தரமும் போட்டு."

அவர் வில்லை எரிந்து முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு ஏற்ற முன்பு நான் உள்ளே போய், இலையின் நடுவில் இருந்த அவரையை வழித்தெடுத்தேன். அந்த இடத்தில் சொக்லேட்டை வைக்கச் சொல்லிக் குணம் அண்ணையையே கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிட எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா?

கேள்விப்பட்டு உங்கள் தங்கச்சி அழுதாள். "பாருங்கோ அண்ணி, உங்களுக்காகப் பிடிக்காததையும் சாப்பிட்டிருக்கிறார்" என்றாள். ஓம், அன்புதான். எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் குணம் அண்ணைக்கு நீங்கள் வேண்டாம் என்று சொன்னீர்கள். முகத்தைச் சுளித்தீர்கள், டின்னைத் தள்ளினீர்கள், பறித்தீர்கள். எனக்குத் தந்ததெல்லாம் "நல்லாயிருக்கு" மட்டும்தான். அவர் பார்த்த அந்த மனிதரை இந்த வீட்டில் நான் ஒருநாளும் பார்க்கவில்லை. என் எரிச்சல் அங்கேதான்.

கணவாய்க் கறியாவது உண்மையா? நான் எடுத்துத்தந்த சேர்ட்டுகள்? மனோர் பார்க்கிலேயே வீடு வாங்குவோம் என்று நான் பிடிவாதமாக நின்றபோது ஓம் என்றீர்களே, அது?

குணம் அண்ணை தன் நம்பரைத் தந்துவிட்டுத்தான் போனார். கேட்டால் சொல்வார். ஆனால் என் புருஷனுக்கு என்ன பிடிக்காது என்று இன்னொருவரிடம் கேட்கும் அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை.

போன சனிக்கிழமை நானே அந்தச் சட்டியை வைத்தேன். எனக்கு அது உண்மையிலேயே பிடிக்கும், என்ன செய்ய. பழக்கத்தில் உங்களுக்கும் ஒரு தட்டு எடுத்தேன். பிறகு திருப்பி அடுக்கில் வைத்துவிட்டேன். ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். திவசமோ, சனிக்கிழமையோ, இனி ஒருநாளும் உங்களை அந்த அவரையைத் தின்ன வைக்கமாட்டேன்.

உங்களிடம் "வேண்டாம்" ஒன்றைக் கேட்கக் கொடுத்துவைக்காத,
உங்கள் மனுசி
வதனி